கழற்றும்போது என்ன ஆகும்? ஒரு டிரைவர் மறுஆய்வின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

மறுஆய்வுக்கு ஏழு பேட்ச்கள், அதாவது நிரல் மாற்றத் துண்டுகள், வந்திருக்கின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் செருகும் ஒரு தரவு சேகரிப்பு அட்டைக்கு லினக்ஸ் டிரைவர் (அட்டையை இயக்கும் நிரல்), 1,900 வரிகளுக்குக் கொஞ்சம் மேல். எழுதியவருக்கு லினக்ஸின் மையமான கெர்னலில் இதுதான் முதல் டிரைவர் என்பது முகப்புக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. தேவைக்கு மேல் நன்றி சொல்லியிருக்கிறார்.

நான் எப்போதும் கடைசியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். ப்ரோப் என்கிற தொடக்கப் பகுதியை யாரும் கவனமாகத்தான் எழுதுவார்கள். அது சரியில்லை என்றால் அட்டையே உயிர் பெறாது. முடிவுப் பகுதியான ரிமூவ் அப்படியல்ல. அட்டையைக் கழற்றினாலோ, கெர்னலில் ஏற்றிய டிரைவர் மாட்யூலை இறக்கினாலோதான் அது ஓடும். எழுதியவரே அதை இரண்டு முறைக்கு மேல் ஓட்டியிருக்க மாட்டார். ஆகவே இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டு அருகருகே வைத்து, ப்ரோப்பில் வாங்கிய ஒவ்வொன்றும் ரிமூவில் தலைகீழ் வரிசையில் திரும்பிப் போகிறதா என்று பென்சிலால் கோடு இழுப்பேன். பழைய பழக்கம். திரையில் பார்த்தால் கண் தாவிவிடுகிறது.

ரிமூவில் எல்லாக் கோடுகளும் சேர்ந்தன. ப்ரோப்பின் பிழைப் பாதையில் ஒன்று அந்தரத்தில் நின்றது: இன்டரப்டை (அட்டை செயலியைக் கூப்பிடும் சைகை) பதிவு செய்த பிறகு அடுத்த படி தோற்றால், அதை விடுவிக்காமலேயே நிரல் திரும்பிவிடுகிறது. “கையால் விடுவிக்காதீர்கள், டெவ்எம் வகைக்கு மாற்றிவிடுங்கள், சாதனம் பிரியும்போது கெர்னலே பார்த்துக்கொள்ளும்” என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க இன்டரப்ட் ஹேண்ட்லர், அதாவது இன்டரப்ட் வந்ததும் ஓடும் பகுதி. மொத்தமே முப்பது வரிதான், ஆனால் மதியம் வரை அதை விட்டு நகர முடியவில்லை.

அட்டையின் நிலைப் பதிவகத்தைப் படிக்கிறது. ‘வேலை பாக்கி’ பிட் ஒன்றாக இருக்கும்வரை சுழன்று சுழன்று தரவை எடுக்கிறது. பூஜ்யமானதும் வெளியே வருகிறது. அட்டை ஒழுங்காக இடத்தில் உட்கார்ந்திருந்தால் குறையே இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது அட்டையை உருவிவிட்டால்? பதில் சொல்ல அங்கே ஆளில்லை. அந்தப் படிப்புக்குக் கிடைப்பது 32 பிட்டும் ஒன்றாக நிரம்பிய எண். ‘வேலை பாக்கி’ பிட்டும் ஒன்றுதான். இல்லாத அட்டை, தன்னிடம் எல்லா வேலையும் பாக்கி இருப்பதாகச் சொல்கிறது! சுழல் முடியவே முடியாது; ஹேண்ட்லருக்குள் இருப்பதால் அந்தச் செயலி வேறெதையும் கவனிக்காது.

எல்லாப் பிட்டும் ஒன்று என்றால் உடனே திரும்பச் சொன்னேன். கூடவே இன்னொன்று. இவருடைய ஹேண்ட்லர் எப்போதுமே ‘என்னுடைய இன்டரப்ட்தான், கவனித்துவிட்டேன்’ என்றே பதில் தருகிறது. பலர் பகிரும் இன்டரப்ட் கம்பியில் இது பொய்ச்சாட்சி. ஒரு கம்பியில் வந்த 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-ஐ யாரும் தனதென்று ஏற்காவிட்டால், ஏதோ சிக்கிக்கொண்டது என்று முடிவுகட்டி கெர்னல் அந்தக் கம்பியை மூடிவிடும். ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அந்தக் காவல் விழிக்காது.

மார்ச் 6, வியாழன்

வரி நீளம் பற்றி வேறொருவர் நான்கு கடிதம் எழுதியிருக்கிறார். 80 எழுத்துதான் விரும்பப்படும் எல்லை. ஆனால் சரிபார்க்கும் ஸ்கிரிப்டே 2020 முதல் 100 வரை பொறுத்துக்கொள்கிறது. நான் வாய் திறக்கவில்லை.

உருப்படியாகக் கண்டது ஒன்று. காலக்கெடு தாண்டிவிட்டதா என்று பார்க்க, கெர்னலின் கடிகாரத் துடிப்புகளை எண்ணும் ஜிஃபீஸ் எண்ணியை நேரடியாகப் ‘பெரிது’ குறியால் ஒப்பிட்டிருக்கிறார். எண்ணி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும் தருணத்தில் அந்த ஒப்பீடு கவிழும். 32 பிட் இயந்திரத்தில், நொடிக்கு 1,000 துடிப்பு என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 49.7 நாள். அவ்வளவு நாள் காத்திருந்து யார் சோதிப்பார்கள்? அதனால்தான் கெர்னல் அந்த எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்காமல், நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் உள்ள எண்ணில் தொடங்குகிறது. இயந்திரத்தைக் கிளப்பிய ஐந்தாவது நிமிடமே குட்டு வெளிப்பட்டுவிடும். யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

மார்ச் 10, திங்கள்

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. சொன்னதையெல்லாம் செய்திருக்கிறார், சொல்லாத இரண்டையும் திருத்தியிருக்கிறார். இன்டரப்டும் டெவ்எம்முக்கு மாறிவிட்டது. ரிமூவ் மூன்று வரி குறைந்து அழகாக இருக்கிறது. இன்றே ஒப்புதல் வரியைக் கொடுத்திருப்பேன். அட்டையைச் செருகி ஒரு முறை ஓட்டிவிடுவோம் என்று நிறுத்திவைத்தேன்.

மார்ச் 12, புதன்

ஓட்டினேன். விழுந்தது.

என் சோதனைக் கெர்னலில் இரண்டு பரிசோதனை வசதிகள் எப்போதும் இயங்கும். ஒன்று கேசான், விடுவித்த நினைவகத்தை யாராவது தொட்டால் கத்தும். மற்றொன்று, பகிரும் இன்டரப்டை ஒரு டிரைவர் விடுவிக்கும்போது அதன் ஹேண்ட்லரை வேண்டுமென்றே கடைசியாக ஒரு முறை அழைத்துப் பார்க்கும். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்யூலை இறக்கினேன். கேசான் கத்தியது: விடுவிக்கப்பட்ட டிஎம்ஏ வளையத்தை (அட்டை செயலியின் உதவியின்றி நேரடியாகத் தரவு எழுதும் நினைவகம்) ஹேண்ட்லர் படிக்கிறது.

காகிதத்தை மறுபடி எடுத்தேன். முதல் பதிப்பின் ரிமூவில் இன்டரப்ட் முதலில் போனது, வளையம் பிறகு போனது. சரியான வரிசை. டெவ்எம்முக்கு மாற்றியதும் இன்டரப்டை விடுவிக்கும் வரி ரிமூவிலிருந்து மறைந்தது. டெவ்எம் வகையில் வாங்கியவை, ரிமூவ் முழுவதும் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். வளையத்தையோ ரிமூவே கையால் விடுவிக்கிறது. ஆக வளையம் முன்னால், இன்டரப்ட் பின்னால். இடைப்பட்ட நேரத்தில் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கிறது, அது தொடும் நினைவகம் உயிரோடு இல்லை.

சரியாக இருந்ததைக் கெடுக்கச் சொன்னவன் நான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ரிமூவில் அட்டையை நிறுத்தும் வரியே இல்லை, முதல் பதிப்பிலும் இல்லை. விடுவித்த வளையத்துக்குள் அட்டை பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். என் பென்சில் கோடு வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் நடுவில்தான் போகிறது. நிறுத்தாமல் விட்டதற்கு அதில் கோடே கிடையாது.

மார்ச் 13, வியாழன்

எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்: “என் யோசனை தவறு. உங்கள் முதல் வரிசையே சரி.” அனுப்புமுன் ‘ஓரளவு’ என்று ஒரு சொல் உள்ளே நுழையப் பார்த்தது. அழித்தேன்.

வழியும் சொன்னேன். வளையத்தையும் டெவ்எம் முறையில் முதலில் வாங்குங்கள், அடுத்து இன்டரப்ட், கடைசியாக அட்டையை நிறுத்தும் செயலையும் அதே பட்டியலில் சேருங்கள். கடைசியில் சேர்ந்தது முதலில் ஓடும்: அட்டை நிற்கும், இன்டரப்ட் போகும், வளையம் போகும். ப்ரோப் நடுவில் தோற்றாலும் இதே வரிசைதான்.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. டெவ்எம் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்று தானும் நினைத்திருந்தாராம்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்றாம் பதிப்பு. நிறுத்தும் செயலில் இன்டரப்டை அடக்க அதன் முகமூடிப் பதிவகத்தில் பூஜ்யம் எழுதி, டிஎம்ஏவை அணைத்து, உடனே முடித்துவிட்டார். பிசிஐ வழியாக அட்டைக்கு எழுதுபவை அப்போதைக்கப்போது போய்ச் சேராது. வழியில் தங்கி நிற்கலாம். எழுதிய கையோடு அதே அட்டையில் ஒரு பதிவகத்தைப் படித்தால்தான் முன்னால் போனவை சேர்ந்துவிட்டன என்று நம்பலாம். ஒரு வரிதான். மாலைக்குள் சேர்த்து அனுப்பினார், ஏன் படிக்கிறோம் என்ற குறிப்போடு.

தரவு ஓடும்போதே 500 முறை ஏற்றி இறக்கினேன். கேசான் மூச்சுவிடவில்லை. இரண்டு முறை அட்டையைக் கையாலேயே உருவினேன். இயந்திரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு பேட்ச்களுக்கு ஒப்புதல் வரி கொடுத்தாயிற்று. ஏழாவது சஸ்பெண்டும் ரெஸ்யூமும், அதாவது அட்டையை உறங்கவைப்பதும் எழுப்புவதும். அதற்கு நாளை புதுக் காகிதம் அச்சிட வேண்டும்.