அஞ்சரைக் கட்டை

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

காலையில் நாடக ஏஜெண்ட் அண்ணாச்சி போன். கடையநல்லூருக்கு மேற்கே ஒரு ஊரில் அம்மன் கோயில் திருவிழா, எங்கள் பக்கம் கொடை என்போம், சித்திரை கடைசிச் செவ்வாய். மறுநாள் புதன் ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். வள்ளி வேஷத்துக்குப் பேசியிருந்த பெண்ணுக்கு மஞ்சள் காமாலையாம். "நீதாம்மா போகணும்" என்கிறார். எனக்கு 58 வயது. வள்ளிக்குப் பன்னிரண்டு. அதைச் சொன்னேன். "எவன் வயசைப் பாக்கான்? பத்து மணிக்கு மேல எல்லாருக்கும் பவுடர்தான்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். பத்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் நோட்டீஸ் வந்தது. என் படம், மேலே ‘சின்னத்திரை புகழ்’. அச்சடித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்! அப்புறம் ஜிபேயில் 501 ரூபாய் அட்வான்ஸ். முன்னெல்லாம் வெற்றிலைபாக்கில் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் சாவு வீடானாலும் போயாக வேண்டும். ஜிபேக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று யாரைக் கேட்பது?

26 ஏப்ரல், சனி

விடியற்காலை நாலரைக்கு மொட்டைமாடி. போனில் சுருதிப்பெட்டி ஆப். ஆறு வருஷமாகக் கல்யாண வீடு, கோயில் என்று ஒன்றிரண்டு பாட்டோடு சரி. ராத்திரி முழித்து விடியும்வரை மேடையில் நின்று பாடுவது வேறு கணக்கு.

என் சுருதி அஞ்சரைக் கட்டை. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் சட்ஜமம், அதாவது ‘ஸ’, வைக்கிறோமோ அதுதான் கணக்கு; எண் கூடக் கூடச் சுருதி ஏறும். இருபது வயதில் ஆறில்கூடப் பாடியிருக்கிறேன். இன்று அஞ்சரையில் வைத்து மேல் சட்ஜமத்துக்குப் போனேன். பிடித்தேன், ஆனால் நிற்கவில்லை. ஈரச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி மெதுவாகக் கீழே வழிந்தது. அஞ்சுக்கு இறக்கினால் சுகமாக வருகிறது. இறக்கலாம்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு என்னை அஞ்சரையில் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன் அங்கே பாடியிருக்கிறேன்.

மிளகும் உடன்குடிக் கருப்பட்டியும் வாயில் அடக்கிக்கொண்டு கீழே வந்தேன். எதிர்வீட்டு மதினி, "யாரோ பாடுதாப்ல இருந்துச்சே, டிவியா?" என்றாள்.

1 மே, வியாழன்

பேத்தி கேட்டாள், "ரிகர்சல் எப்ப ஆச்சி?" ரிகர்சல் கிடையாது என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

ஸ்பெஷல் நாடகம் அப்படித்தான். நாடகக் கம்பெனி என்றால் ஒரே குழு, ஒரே சாப்பாடு, ஒரே ஒத்திகை. ஸ்பெஷலில் கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், சிரிக்க வைக்கும் பபூன் புதுக்கோட்டை, டான்ஸ் திண்டுக்கல், நான் பாளையங்கோட்டை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேக்கப் கொட்டகையில்தான் முகம் பார்ப்போம். ஆர்மோனியக்காரர் "எத்தனை கட்டை?" என்பார். அவ்வளவுதான் ஒத்திகை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது. இடையில் பேசுவது அவரவர் கெட்டிக்காரத்தனம்.

அந்தப் பொதுவைப் போட்டுக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இன்று அது தூத்துக்குடி மாவட்டம், அன்றைக்கு எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். முதலில் அவரும் வேஷம் கட்டியவர். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது அதைப் பார்த்து ஒரு கர்ப்பிணி பயந்து உயிரையே விட்டுவிட்டாளாம். அதோடு வேஷத்தை விட்டார் என்று எங்கள் அப்பா சொல்வார். அப்பா பபூன். நடந்ததோ இல்லையோ, விடிந்ததும் வேஷத்தைக் கலைக்காமல் தெருவில் இறங்கக்கூடாது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்லியே எங்களை வளர்த்தார்.

5 மே, திங்கள்

கத்தரி வெயில் நேற்றுத் தொடங்கிவிட்டது. வெளியே போக முடியவில்லை. பழைய பெட்டியைக் கிளறினேன்.

1986-ல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் நாடகக் குரல் தேர்வுக்குப் போன கடிதம் இருக்கிறது. ‘பி’ கிரேடு. தலையைத் திருப்பினால் குரல் குறையும், காகிதத்தைப் புரட்டினால் சத்தம் கேட்கும் என்று அங்கேதான் கற்றேன். அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். 1940-லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் ரேடியோவில் ஆர்மோனியத்துக்குத் தடையாம். கமகம், அதாவது சுரத்தை வளைத்து அசைப்பது, வராத பெட்டி என்று. எங்கள் நாடகத்தில் ஆர்மோனியம் இல்லாவிட்டால் முருகன்கூட மேடைக்கு வரமாட்டான்.

1999-ல் சென்னை. மெகா தொடர் பெருகிய காலம். ஒரு கம்பெனியில் மாமியார் வேஷம். பெயர் வேண்டாம். முதல் ஷாட்டில் வசனம், "நான் சொல்றேன், கேளு." நான் "சொல்லுதேன்" என்றேன். கட். மறுபடி "சொல்லுதேன்". வாய் அப்படித்தான் போகிறது. இருபது வருஷம் மைக்கே தேவைப்படாத வாய். உதவி இயக்குநர் பையன் காதோரம் வந்து, "அம்மா, இவ்வளவு சத்தம் வேண்டாம், மருமக இங்கதான் நிக்கிறா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நாலாவது வாரத்திலிருந்து எனக்கு வேறு ஒரு பெண் குரல் கொடுத்தாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது எங்கள் அம்மா. சங்கரன்கோவிலிலிருந்து எஸ்டிடி பூத்தில் போன் போட்டு, "ஏட்டி, உனக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

கோபம் வந்தது. சண்டை போடவில்லை. வாடகை இருந்தது, மகன் படிப்பு இருந்தது. இருபது வருஷத்தில் பதினோரு தொடர். இரண்டில் மட்டும் சொந்தக் குரல், அதில் ஒன்றில் நான் ஊமையாகிவிடுவேன். குரல் கொடுத்த பெண்ணை ஒருமுறை டப்பிங் தியேட்டர் வாசலில் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். "அக்கா, நீங்க மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் நானும் மூச்சு வாங்கணும், கஷ்டமா இருக்கு" என்றாள். அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? டீ வாங்கிக் கொடுத்தேன்.

9 மே, வெள்ளி

தென்காசியில் ஒரு வேலை. முடித்துவிட்டுச் செங்கோட்டை வரை போய்வந்தேன். காரணம் எதுவும் இல்லை, நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்த ஊர், அவ்வளவுதான். அவர் பிறந்த 1906-ல் அது திருவிதாங்கூர். 1956-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. சின்னப் பையனாக மேடை ஏறி, மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் குரலை அனுப்பியவர். 1933 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். 27 வயது. அந்த வயதில் எனக்குத் தாளமே சரியாக நிற்கவில்லை.

அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அதற்கப்புறம் 1980 வரை வெள்ளைப் புடவைதான். சினிமாவில் நந்தனாராக நடிக்க 1935-ல் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அந்த லட்சத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆண் வேஷத்தில், அதே உச்ச சுருதியில் நின்றதை யாரும் பேசக் காணோம்.

கிட்டப்பா சினிமாவில் நடிக்கவில்லை. இருப்பது கிராமபோன் தட்டுகள். கரகரப்புக்கு நடுவே குரல் இருக்கிறது, முகம் அசைந்து பார்க்க வழியில்லை. யூடியூபில் என் தொடர்கள் எல்லாம் கிடைக்கின்றன. முகம் நன்றாகவே அசைகிறது. பஸ் ஸ்டாண்டில் பதநீர் குடித்துக்கொண்டே இதை நினைத்தேன். கிட்டப்பாவோடு என்னை வைத்துப் பார்க்கிற திமிரை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

13 மே, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது! யாரோடும் பேசவில்லை. சுக்கு வெந்நீர், வாய்க்குள் கருப்பட்டி. அங்கே இந்நேரம் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும், நடுராத்திரிச் சாமக்கொடைக்கு ஊரே முழித்திருக்கும். நாளை ராத்திரி அந்தக் கண்கள் தூங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

15 மே, வியாழன்

வந்து படுத்து எழுந்து எழுதுகிறேன்.

மேக்கப் கொட்டகை பள்ளிக்கூடத்து ஒரு வகுப்பறை. முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் வைத்ததும் அந்த வாசனையில் அப்பா வந்துவிட்டார். டிவி பேன்கேக்கில் இந்த வாசனை கிடையாது. கழுத்து மடிப்புக்குள் வெள்ளை போகாமல் கோடு கோடாக நின்றது. அட்டிகையை மேலே ஏற்றிக் கட்டி மறைத்தேன்.

ஆர்மோனியக்கார அண்ணாச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "எத்தனை கட்டை?" என்றார். தொண்டை முழுக்கச் சளி. வாய் "அஞ்சரை" என்றது. அவர் தலையாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

பத்தேகாலுக்குப் பபூன். பன்னிரண்டரைக்கு ராஜபார்ட். பையனுக்கு முப்பது வயது, என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறான். சற்று நேரத்தில் எனக்கு மாலை போடப் போகிறவன். ஒன்றரைக்கு நான். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் நிலா, பந்தலுக்கு மேலே நின்றது. முதல் வரி பாடினேன், வந்தது. மேல் சட்ஜமம் போனேன், நின்றது. எனக்கே ஆச்சரியம். முன்வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

நாரதரோடு தர்க்கம் இரண்டரைக்கு. அவர் கெட்டிக்காரர், மேடையில் எதையும் விடமாட்டார். "வள்ளியம்மா, டிவியில வருஷக்கணக்கா அழுதீங்களே, இங்க வந்து சிரிக்கீங்களே, என்ன நியாயம்?" என்று எடுத்துவிட்டார். வசனத்தில் இல்லாதது. நான், "நாரதரே, அங்க அழுதது என் கண்ணு, பேசினது வேற ஒருத்தி வாய். கலகம் மூட்டணும்னா அவகிட்டப் போய் மூட்டும்" என்றேன். கை தட்டினார்கள். பொம்பளைகள் பக்கம் தட்டவில்லை. என்ன சொன்னேன் என்று யோசித்திருப்பார்கள்.

அடுத்த பாட்டில்தான் பார்த்தேன். ஆர்மோனிய அண்ணாச்சியின் கட்டைவிரல் சட்ஜமத்தில் நிற்கிறது, வெள்ளைக் கட்டையில். அஞ்சரை என்றால் கறுப்பு. முதலிலிருந்தே அஞ்சில்தான் வைத்திருக்கிறார். என் காதுக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, துருத்தியை அசைத்துக்கொண்டிருந்தார்.

அஞ்சரைக்குக் கல்யாணம் முடிந்தது. வேஷத்தைக் கலைக்க வகுப்பறைக்குப் போகும் வழியில் ஒரு ஆச்சி கையைப் பிடித்தாள். முகத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்லாப் பாடுன தாயி. ஆனா டிவில பேசுத மாதிரி ஒரு வார்த்தை பேசேன். இங்க உன் குரலு வேற மாதிரில்லா இருக்கு." எனக்குக் குரல் கொடுத்த பெண் பேசுகிற மாதிரி, மூக்கைச் சற்று அடைத்து, "நான் சொல்றேன், கேளு" என்றேன். ஆச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்துப் பெண்ணிடம், "பாத்தியா, இதுதான் குரலு" என்றாள்.

டீக்கடையில் அண்ணாச்சியிடம் கேட்டேன், "அஞ்சரைன்னு சொன்னேன்லா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "பெட்டிக்கு வயசாயிட்டும்மா, அரைக் கட்டை இறங்கிட்டு" என்றார். ஆர்மோனியம் எந்தக் காலத்தில் தானாக அரைக் கட்டை இறங்கியது? சரி என்று டீக்குக் காசு கொடுத்தேன்.

பாவூர்சத்திரம் தாண்டியும் தூங்கினேன். ஆலங்குளத்தில் கண்டக்டர் எழுப்பினார். காதோரம் முத்துவெள்ளை ஒட்டியிருந்ததை அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். ஏஜெண்டிடமிருந்து மெசேஜ் வந்து கிடந்தது: ஆடியில் இரண்டு தேதி, பவளக்கொடி, எத்தனை கட்டை என்று ஆர்மோனியத்துக்குச் சொல்ல வேண்டுமாம்.

அஞ்சு என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.