பெடல் கீழே போனதா, கல்லாக நின்றதா?

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், ஓரத்தில் காரைச் சரிபார்க்கும் பிட்டுக்குள் கார் வந்து நிற்கும்போது நான் முதலில் கவனிப்பது வாடையை. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை அழுத்திப் பிடிப்பதுதான் பிரேக் பேட். அதில் உள்ள பிசின் வெந்தால் மூக்கில் ஏறும் ஒரு காரல் வாடை வரும். சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் நாட்களுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கார் தயார் செய்கிறேன். அந்த வாடை வந்தால் வேறு எதையும் பார்க்காமல் நேராக முன் சக்கரத்தைத்தான் கழற்றுவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் முதல்முறையாக டிராக்குக்கு வந்தார். 1,100 கிலோ எடையுள்ள சின்ன கார். ஐந்தாவது லேப்பில், அதாவது ஐந்தாவது சுற்றில், ஒரு திருப்பத்தில் வேகம் குறையாமல் டிராக் ஓரத்து ஜல்லிக்குள் போய்விட்டார். நல்லவேளை, அவருக்கும் ஒன்றுமில்லை, காருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, பிரேக்கே இல்ல" என்றார்.

"பெடல் கீழ போச்சா சார், இல்ல கல்லு மாதிரி நின்னுச்சா?"

இதற்கு வரும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போனால், பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்திருக்கிறது. பெடல் கெட்டியாக நின்றும் கார் நிற்கவில்லை என்றால் ஆயில் சரியாக இருக்கிறது, பேட்தான் கைவிட்டிருக்கிறது. அவர் "கல்லு மாதிரிதாண்ணா, ரெண்டு காலாலயும் மிதிச்சேன்" என்றார்.

பேடைக் கழற்றிப் பார்த்தேன். முகம் கண்ணாடி போல மழமழத்து மின்னியது. ஓரத்தை நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. கம்பெனியில் இருந்து வந்த அதே பேட். ஊருக்குள் ஓட்ட அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டிராக் கேட்கும் சூட்டுக்கு அது செய்யப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அந்தக் கார் 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 70க்குக் குறைகிறது என்றால், கழிய வேண்டிய ஆற்றல் சுமார் 750 கிலோஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டுபோகும் சூடு அது. அடுப்பில் பத்து நிமிடம் ஆகும் வேலை சில விநாடிகளில் நடக்கிறது, அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டிலும் இறங்குகிறது. 3.7 கிலோமீட்டர் லேப், 12 திருப்பம். ஆறுவதற்குள் அடுத்த பிரேக். சாதாரண பேட் 350, 400 டிகிரி தாண்டினால் திணற ஆரம்பிக்கும். பிசின் வெந்து வாயு கிளம்பி பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்றுகொள்ளும். அப்புறம் எத்தனை காலால் மிதித்தாலும் பிடி கிடைக்காது.

நிறைய பேர் பேடின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். முதல் எழுத்து குளிர்ந்த நிலையின் பிடி, இரண்டாவது சூட்டில் உள்ள பிடி. எஃப் என்றால் உராய்வு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்எஃப்பை விட ஜிஜி நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டிய பதில் அதற்கு மேல்தான் இருக்கிறது. எழுத்தை விட்டுவிட்டு, எந்தச் சூட்டில் இருந்து எந்தச் சூடு வரைக்கும் பிடி மாறாமல் இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் கோட்டுப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். ஜல்லிக்குள் போனவருக்கு அடுத்த முறை முழு ரேஸ் பேட் போட்டுக் கொடுத்தேன். இனி சூட்டில் கைவிடாது என்ற நிம்மதி எனக்கு. அவர் அதிகாலையில் வீட்டில் இருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பூந்தமல்லி தாண்டி முன்னால் போன லாரி சட்டென்று நின்றிருக்கிறது. பேட் இன்னும் சூடே ஆகவில்லை. அந்த வகை பேடுக்குச் சூடு ஏறினால்தான் பிடி வரும். ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது என்று அவர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிராக்கை மட்டும் நினைத்தேன், டிராக்குக்கு வரும் வழியை நினைக்கவில்லை.

அன்றிலிருந்து பேட் பேச்சை எடுக்கும் முன் "காரை எதுல கொண்டு வருவீங்க?" என்று கேட்கிறேன். டிரெய்லரில் வரும் கார் என்றால் ரேஸ் பேட் சரி. ஓட்டி வந்து ஓட்டிப் போகிறவர் என்றால், குளிரிலும் ஓரளவு பிடித்து 500, 600 டிகிரி வரைக்கும் தாங்கும் நடுத்தர வகைதான் போடுவேன். கொஞ்சம் கீச்சிடும், வீல் கறுப்பாகும், டிஸ்க் சீக்கிரம் தேயும். அதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பின் சக்கரத்தில் ரொம்பக் கடிக்கிற பேட் போட மாட்டேன், பின் சக்கரம் முதலில் உருளாமல் லாக் ஆனால் கார் சுற்றிவிடும்.

பிரேக் ஆயிலும் கூடவே மாற்ற வேண்டும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அது 155 வரைக்கும் இறங்கலாம். சென்னைக் காற்றின் ஈரம் எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு நடுத்தர பேட் போட்ட அன்று நானும் கூட உட்கார்ந்து போனேன். புது பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். காலியான ரோட்டில் 80இல் இருந்து 30 வரைக்கும் பத்துத் தடவை பிரேக், ஒரு தடவையும் முழுதாக நிறுத்தாமல். சூட்டோடு நிறுத்தினால் பேட் டிஸ்க்கில் ஒட்டித் தழும்பு விழும். ஆறாவது தடவையில் லேசாக வாடை வந்தது. அவர் பயந்து என்னைப் பார்த்தார். "இது நல்ல வாடை சார், ஓட்டுங்க" என்றேன். பத்து முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டோம். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது டிஸ்க் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் நிறம் படிந்திருந்தது.