ஏணியின் எந்தப் படியில்

கணவரின் வேலையை முன்னிட்டு 2022 ஆகஸ்டில் மதுரையிலிருந்து பின்லாந்தின் எஸ்போ நகருக்குக் குடிவந்தோம். உலகில் மிகுந்த மகிழ்ச்சியுடைய நாடு என்று 2018 முதல் ஒவ்வோர் ஆண்டும் முதலிடம் பெற்றுவரும் நாட்டுக்குப் போகிறாய், உனக்கு என்ன குறை என்றுதான் வழியனுப்ப வந்த உறவினர் அனைவரும் சொன்னார்கள். ஒன்பது ஆண்டுகள் கல்வியியல் கல்லூரியில் கல்வி உளவியல் கற்பித்தவள் என்பதால், உலக மகிழ்ச்சி அறிக்கையின் அந்தப் பட்டியல் எதை அளக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. பூச்சியத்திலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உச்சிப் படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹாட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் வகுத்த இந்தக் கேள்விக்கு மக்கள் தரும் விடைகளின் சராசரியே அந்த வரிசையைத் தீர்மானிக்கிறது. எத்தனை முறை சிரித்தீர்கள் என்று அந்த வரிசைக்காக யாரும் கேட்பதில்லை.

வந்த சில வாரங்களிலேயே அந்த எண்ணின் பொருள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. எங்கள் குடியிருப்பின் மின்தூக்கியில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் மகன் பூங்காவில் தவறவிட்ட கையுறையை மறுநாள் தேடிப் போனபோது, அதே பாதையோரம், எளிதில் கண்ணில் படும் உயரத்தில், ஒரு மரக்கிளையில் யாரோ அதை மாட்டிவைத்திருந்தார்கள். முன்பின் அறியாதவர் மீது வைக்கும் இந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நான் மனதார உணர்ந்தேன். ஆயினும் அந்த ஏணியில் நான் நின்ற படி மூன்றுக்கு மேல் இல்லை.

அதற்கு இருளைக் காரணம் காட்டுவது எளிது. டிசம்பர் பிற்பகுதியில் இங்கே காலை ஒன்பதரைக்குச் சற்று முன்னர் எழும் சூரியன் மூன்றேகால் மணியளவில் மறைந்துவிடும். எல்லோரையும்போல நானும் வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொண்டேன். என் துயரத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. குடும்ப அனுமதியில் வந்திருந்தாலும் வேலை செய்ய எனக்குச் சட்டத் தடை எதுவுமில்லை, மொழிதான் இல்லை. அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் பதிலே வரவில்லை. கணவர் அலுவலகத்துக்கும் மகன் பள்ளிக்கும் போனபின் அடுப்படியைத் துடைத்து, துணிகளை மடித்து நிமிர்ந்தால் மணி பதினொன்று. அதன்பின் மாலை வரை என்ன செய்தேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

மரியன்தால் ஆய்வை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். வியன்னாவுக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, மரீ யஹோதா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய ஆய்வாளர்கள் மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்து 1933இல் வெளியிட்டார்கள். கையில் முன்பைவிட அதிக நேரம் இருந்தும் மக்கள் நூலகத்திலிருந்து எடுக்கும் நூல்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது; தெருவில் ஆண்களின் நடை வேகம் குறைந்தது, அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள்; நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலரால் சொல்ல முடியவில்லை. வேலை என்பது கூலி மட்டுமல்ல, அது நாளுக்கு ஒரு வடிவமும், பிறரோடு கலக்க ஒரு காரணமும், நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடமும் தருகிறது என்று யஹோதா பின்னாளில் எழுதியதை மாணவியர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஊரின் நடை என் கால்களுக்கும் வந்துவிட்டிருந்தது. பெட்டியில் சுமந்து வந்த பதினான்கு புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை.

‘இவ்வளவு படித்தவள் நீ, எத்தனை பேருக்குப் பாடம் சொல்லியிருக்கிறாய்’ என்று கணவர் ஆறுதல் கூறுவார். அம்மா தொலைபேசியில் அழைத்து, ‘நல்லா இருக்கியாம்மா?’ என்பாள், நான் மகனின் பள்ளியைப் பற்றிச் சொல்வேன். அவர்கள் சொற்களில் பொய் இல்லை, அன்பும் குறைவில்லை, இருந்தும் அவை என்னுள் இறங்கவேயில்லை. பயிற்சி ஆசிரியைகளிடம், மாணவரின் தன்மதிப்பை வளர்க்கப் பாராட்டுச் சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று நான் ஆண்டுதோறும் கூறிவந்தது நினைவுக்கு வந்து உறுத்தியது. தன்மதிப்பு என்பது பிறர் ஊற்றி நிரப்பக்கூடிய ஒன்றன்று என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். தன்னால் ஏதோ ஒன்று ஆகிறது என்பதற்குக் கண்முன்னே சான்று வேண்டும்.

அந்தச் சான்று நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2023 வசந்தத்தில், குடியேறியவர்களுக்கான இலவச ஃபின்னிஷ் மொழிப் பயிற்சியில் சேர்ந்தேன். பதினைந்து வேற்றுமைகள் கொண்ட மொழி என்று அஞ்சிக்கொண்டு போனவளுக்கு முதல் மாதத்திலேயே பெரும் வியப்பு. ‘தலொ’ என்றால் வீடு. ‘தலொஸ்ஸ’ என்றால் வீட்டில். ‘தலொஸ்த’ என்றால் வீட்டிலிருந்து. சொல்லின் இறுதியில் ‘கொ’ என்று சேர்த்தால் கேள்வி: ‘தலொஸ்ஸகொ?’, அதாவது ‘வீட்டிலா?’. ‘கின்’ என்று சேர்த்தால் நம் ‘உம்’: ‘தலொஸ்ஸகின்’, வீட்டிலும். ‘என்னிடம் வீடு இருக்கிறது’ என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் சொல்கிறார்கள். ‘துலி’ என்றால் தீ, ‘தூலி’ என்றால் காற்று, ‘துல்லி’ என்றால் சுங்கம். இவற்றைக் காதால் பிரித்தறிய வகுப்பில் பலர் திணறினார்கள், குறிலும் நெடிலும் ஒற்றும் பழகிய எனக்கு அது பிறவியிலேயே வாய்த்ததாக இருந்தது. இரண்டு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனாலும் அந்நிய ஊரில் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் மனம் நிறைந்தது.

ஒருநாள் இடைவேளையில், பக்கத்து இருக்கையில் அமரும் சோமாலியப் பெண்மணி ‘ஸ்ஸ’வுக்கும் ‘ஸ்த’வுக்கும் வேறுபாடு புரியவில்லை என்று தன் குறிப்பேட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு வீட்டை வரைந்து, உள்ளே ஒரு பூனையையும் வாசலைக் கடந்து வெளியேறும் இன்னொரு பூனையையும் வரைந்து காட்டினேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஏறத்தாழ நூறு ஃபின்னிஷ் சொற்கள் மட்டுமே. அவர் முகம் தெளிந்த அந்த நொடியில், எட்டு மாதங்களாக என்னிடமிருந்து காணாமல் போயிருந்த ஒருத்தி திரும்பி வந்தாள். மறுநாள் மேலும் இருவர் எங்கள் மேசைக்கு வந்தார்கள். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள், மனிதர் உள்ளூக்கத்தோடு இயங்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: தன் விருப்பத்தால் செயல்படுதல், தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு. உளவியலாளர் மாஸ்லோ வரிசைப்படுத்திய மனிதத் தேவைகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் பிரமிடாக வரைந்து, கீழ்த்தட்டு நிறைந்த பிறகே மேல்தட்டு என்று நான் கற்பித்திருக்கிறேன்; அவருடைய 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் அப்படி ஒரு பிரமிடே கிடையாது, அது பின்வந்தோர் வரைந்தது. என் அனுபவத்திலும் படிப்படியாக எதுவும் வரவில்லை. யாரும் பணிக்காமல் நானே விரும்பிச் சொல்லிக்கொடுத்ததும், அது சரியாகப் புரிந்ததும், புரிந்துகொண்டவர் தோழியானதும் ஒரே மேசையில், இருபது நிமிட இடைவேளைக்குள் நடந்தன.

கல்லூரி ஆசிரியப் பணி எனக்கு இங்கே இன்னும் கிடைக்கவில்லை. அந்த இழப்பு இப்போதும் வலிக்கிறது, வலிக்கவில்லை என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2024 இலையுதிர் காலத்திலிருந்து ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பனிக்கால உடைகளை மாட்டிவிடுவதும், சண்டைகளை விலக்குவதும், மதியம் தூங்கவைப்பதும் என் வேலை. என் ஃபின்னிஷ் பிழைகளை ஐந்து வயதுக் குழந்தைகள் உடனுக்குடன் திருத்துகிறார்கள்.

சென்ற நவம்பரில், உறங்க மறுத்த ஒரு சிறுமியின் அருகில் அமர்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா எங்கே என்று கேட்டாள். வீட்டில் இருக்கிறார் என்றேன்.

‘சுவோமெஸ்ஸகொ?’ என்றாள். பின்லாந்திலா?

‘இல்லை, இந்தியாவில்’ என்று அவள் மொழியிலேயே சொன்னேன். மனத்துக்குள் மொழிபெயர்க்காமலே அந்த விடை வந்துவிட்டது என்பதை அவள் கண்ணயர்ந்த பிறகுதான் கவனித்தேன்.