அவர் வராவிட்டாலும் நீங்கள் வாருங்கள்

வடசென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக நாங்கள் நடத்திய முதல் கூட்டத்துக்குப் பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள்; அவர்களில் ஒன்பது பேர், குழு லோன் கொடுக்கப்போகிறோம் என்று நினைத்து வந்தவர்கள். ஆதார் அட்டையின் நகலைக் கையோடு கொண்டுவந்திருந்த ஓர் அம்மா, குடிநோயைப் பற்றி நான் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து, "லோன் இல்லியாம், வாடி போலாம்" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசிவரை உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அவுரு வரமாட்டேன்றாரு மேடம், நாங்க வந்து இன்னா பிரயோஜனம்?" அதற்கு என்னிடம் அன்று சரியான பதில் இருக்கவில்லை.

போதை மறுவாழ்வுப் பணியில் ஆற்றுப்படுத்துநராக, அதாவது கவுன்சிலராக, நான் சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம் சாந்தி ரங்கநாதனின் வாழ்க்கை. குடிநோயால் கணவரை இழந்த அவர், குடியை வெறும் ஒழுக்கக்கேடு என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், 1980-இல், டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். இந்திரா நகரில் உள்ள அதன் மருத்துவமனையில் நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே அவருடைய குடும்பத்தாருக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில், நோயாளியை நகரத்துக்கு வரவழைக்காமல் சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோன முகாம்களும் அவர்கள் நடத்தியவைதான். இவ்வளவையும் படித்திருந்தும், குடும்பம் என்பது நோயாளியை நம்மிடம் அழைத்துவரும் வண்டி என்ற அளவிலேயே என் புரிதல் நின்றிருந்தது. ஆள் வந்தால் குடும்பத்தைக் கவனிப்போம். ஆள் வராவிட்டால், "எப்படியாவது பேசிக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவோம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருந்தார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை படுக்கைகள் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். எனக்கோ, மிச்சமுள்ள 37 பேரின் வீடுகளில் அன்று ராத்திரி என்ன நடந்துகொண்டிருக்கும் என்பதிலேயே மனம் நின்றது. காசிமேட்டின் இரண்டு பெண்களும் அந்த 37 வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே.

கூட்டத்துக்கு நேரம் குறிப்பதே பெரிய பாடாக இருந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியுமுன் தொடங்கிவிடும்; கூடை எடுத்த பெண்கள் விற்று முடித்து வீடு திரும்பவே மதியமாகும்; டாஸ்மாக் கடை திறப்பதும் பகல் 12 மணிக்கு. மூன்று மணிக்கு வைத்தால் வந்தார்கள், ஆனால் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும் குடத்தைத் தேடி ஓடிவிடுவார்கள். லாரி வராத கிழமையைக் கேட்டறிந்து அதற்குக் கூட்டத்தை மாற்றிய பிறகுதான் ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்தது. திட்ட அறிக்கைகளில் இதற்கெல்லாம் கட்டம் இருப்பதில்லை.

நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் தொழிலாளி ஒருவர், பல ஆண்டுகளாகக் காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருந்தவர், கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டால் குடிக்க மாட்டார் என்பது இங்கே பல மனைவிகள் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நம்பிக்கை. நானும் மகிழ்ந்து, "அப்படியே விட்டுடுங்க சாமி" என்று வாழ்த்தினேன். இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. பிறகு சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தத் தொடங்கியவரை, நான்கு பேர் பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும் உண்டாகலாம், உயிரே போகலாம் என்பதும், அந்த நாட்களில் மருத்துவரின் மேற்பார்வையில் பி1 வைட்டமினும் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், விரதம் என்றவுடன் அதை மருத்துவக் கண்ணோடு பார்க்கத் தோன்றவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஐப்பசி கடைசி வாரத்தில் எங்கள் கூட்டத்தில் பேசப்படுவது ஒன்றுதான்: மாலை போடுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்ப்பது எப்படி.

பெண்கள் ரகசியமாகக் கேட்கும் இன்னொரு சங்கதி, சாம்பாரில் கலந்து கொடுக்கும் 'குடி மறக்கும் மருந்து'. குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்பிராம் மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். அதனால்தான் நோயாளிக்குத் தெரிவித்து, அவர் சம்மதித்த பிறகே மருத்துவர் அதைத் தருகிறார். பொடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் கலக்கிறவர்களைத் திட்டித் தடுக்க முடியாது. ஒருநாள் ஒருத்தி தாமாகவே பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவர் பதினெட்டு மாதங்களாகக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர். அந்தப் பதினெட்டு மாதங்களில் அவருடைய கணவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்கள் அமெரிக்காவில் 1951-இல் தொடங்கியவை. இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்ற அவர்களுடைய நினைவூட்டல், "நான் சரியா இருந்தா அவுரு குடிப்பாரா" என்று தன்னையே குத்திக்கொள்ளும் பெண்ணுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதே மரபு சொல்லும் 'அன்போடு விலகி நில்' என்ற அறிவுரையை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, கூட்டத்தில் சிரிப்புத்தான் எழுந்தது. பத்துக்குப் பத்து வீட்டில் எங்கே விலகுவது? சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், அவர் வந்து விழுவதும் அங்கேதான்.

விலகுவதற்கு வழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரே சந்தில் இருக்கும் மூன்று வீட்டார், எந்த நேரத்தில் தட்டினாலும் கதவைத் திறப்பது, தட்டியவரிடம் காரணம் கேட்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள். அடி விழுந்தால் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்வது யார் என்பதும் முன்கூட்டியே முடிவானது. படகு முதலாளிக்குப் போன் போட்டு, "அவருக்கு ஜுரம்" என்று பொய் சொல்வதை முதலில் ஒருத்தி நிறுத்தினார். பிறகு கடன் வைத்த இடங்களில் கணவனுக்காகப் பணம் கட்டுவதை இன்னொருத்தி நிறுத்தினார். இவை சின்ன விஷயங்கள்போலத் தோன்றலாம். குடும்ப மானம் மொத்தமும் அந்த ஒரு பொய்யில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லாமல் இருப்பதற்கு எத்தனை வாரத் துணிச்சல் தேவைப்பட்டது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சில வீடுகளில் அதன் பிறகு ஆண் தானாகச் சிகிச்சைக்கு வந்தார். பல வீடுகளில் வரவில்லை.

இரவில் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிப்போகும் மறுவாழ்வு இல்லங்களைப் பற்றி இப்போதும் கேட்கிறார்கள். மது, போதைப் பொருள் சார்ந்த நோய்நிலைகளும் 2017-இன் மனநலச் சட்டத்துக்குள் வருகின்றன, சங்கிலியால் கட்டிவைப்பதை அந்தச் சட்டம் அடியோடு தடுக்கிறது என்று சொல்லிவிட்டு, 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறோம்.

எங்கள் பதவிப் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய ஆற்றுப்படை இலக்கியம் நினைவுக்கு வரும். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனுக்குத் தான் போய்வந்த வழியைச் சொல்வதுதான் ஆற்றுப்படை. படித்துத் தெரிந்துகொண்டவளின் சொல் அதில் இல்லை. நடந்து வந்தவரின் சொல்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் காசிமேட்டின் ஆற்றுப்படுத்துநர் நானல்ல. முதல் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் இப்போது கூட்டத்தை நடத்துகிறார்; நான் பதிவேட்டை எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் பகலெல்லாம் வீட்டில் இருப்பார்கள், கூட்டத்துக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை கூடும். சென்ற தடைக்காலத்தில் புதிதாக வந்த ஒரு பெண், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, கூட்டத்தை நடத்தும் அந்த அக்காவிடம் கேட்டார்:

"அக்கா, உங்க வூட்டுக்காரரு நிறுத்திட்டாரா?"

"இல்லமா, நேத்துகூடக் குடிச்சாரு. நீ உள்ள வந்து உக்காரு."