மேட்டி ராஸ் யார்?

அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் மேட்டி ராஸ் என்ற சிறுமியின் கதை 'ட்ரூ கிரிட்'. ஹாலிவுட்டில் இரண்டு முறை படமானது. அதைப் பற்றி நேற்று நண்பரோடு பெரிய விவாதம். 1969 படத்தின் கிம் டார்பிதான் சரியான மேட்டி என்கிறார் அவர். எனக்கு 2010இல் வந்த ஹெய்லி ஸ்டைன்ஃபெல்ட்தான்.

கதைப்படி மேட்டிக்கு வயது 14. டார்பிக்கு அப்போது இருபதைத் தாண்டிவிட்டது. நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் ஒரு இளம்பெண் அடம்பிடிப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஸ்டைன்ஃபெல்ட் நடிக்கும்போது அவருக்கு 13 வயதுதான்.

அந்தக் குதிரை வியாபாரி காட்சியைப் பாருங்கள். அப்பா வாங்கிய மட்டக்குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள், லாயத்தில் திருடுபோன குதிரைக்கும் பணம் கொடு என்று அசையாமல் நிற்கிறாள். இரட்டைப் பின்னல். குரல் உயரவே இல்லை. வக்கீல் பெயரைச் சொல்லியே அந்தப் பெரிய மனிதரை வியர்க்க வைக்கிறாள். அப்பாவைப் பறிகொடுத்த குழந்தை கணக்குப் பேசுகிறாளே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம், ஆஸ்கரில் அவரைத் துணை நடிகை பிரிவில் பரிந்துரைத்தது இன்றும் ஆறவில்லை. படமே அவள் கண் வழியாகத்தானே ஓடுகிறது!

நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் போகிறோம்.