ஊதுபத்தி காட்டிக்கொடுத்த ஹீட்டர்

பிப்ரவரி, கடைசி வாரம்

டெக்சாஸில் ஆஸ்டினுக்குக் கிழக்கே, பாஸ்ட்ராப் பக்கம், ஒரு ஏக்கர் நிலத்தோடு 1994-இல் செய்த டபுள்வைட் வீடு ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து, லாரியில் இழுத்து வந்து, நிலத்தில் வைத்து ஒட்டுவார்கள். ஊரில் சொன்னால் "தகர வீடா?" என்கிறார்கள். உள்ளே நின்றால் வித்தியாசமே தெரியாது. வித்தியாசமெல்லாம் தரைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும்தான்.

அம்மா கரூரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். அவர் அறையை ஒட்டிய நடையில், வாட்டர் ஹீட்டர் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் பலகை அடித்துச் சாமி படம் வைத்துக் கொடுத்தோம். நேற்றுக் காலையில் கூப்பிட்டார்.

"தம்பி, நானும் பத்து நாளாப் பாக்கறேன். துணி காயவைக்கிற மெஷின் ஓடறப்பல்லாம் பத்திப் புகை எம் மூஞ்சிக்கே வருது. அந்தக் கதவு இடுக்குலருந்து காத்து அடிக்குது. காலைல எந்திரிச்சா தல வேற விண்ணுன்னு வலிக்குது."

புகையை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். தலைவலி என்றதும்தான் பகீரென்றது.

அலமாரியைத் திறந்தேன். ஹீட்டரின் தலைக்கு மேல், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில், தொப்பி மாதிரி ஒன்று இருக்கிறது. டிராஃப்ட் ஹுட் என்பார்கள். அதன் கீழே கரி படிந்திருந்தது. தண்ணீர்க் குழாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் உருகிக் கோணலாகியிருந்தது. மேலே போக வேண்டிய சூடு கீழே திரும்பி வந்திருக்கிறது. அம்மாவிடமே ஒரு ஊதுபத்தி வாங்கி, குளியலறை ஃபேனையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, தீ எரியும்போது அந்தத் தொப்பியருகே பிடித்தேன். சரியான ஹீட்டர் என்றால் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது வெளியே தள்ளியது.

கேஸை அடைத்தேன், எல்லா ஜன்னலையும் திறந்தேன், மாலையில் அம்மாவை மருத்துவரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் செய்ததில் ஒரு முட்டாள்தனம் உண்டு. தலைவலி என்று கேட்டவுடன் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 911-ஐ அழைத்திருக்க வேண்டும். பத்தி பிடித்து ஆராய்ச்சி செய்யும் நேரமில்லை அது. சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருந்தது. கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. அதற்கும் ஆயுள் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

நம் ஊர் சிலிண்டர் பழக்கத்தில், கேஸ் ஆபத்து என்றால் மூக்குக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கசியும் கேஸ் நாறும், ஏனென்றால் அதற்காகவே மெர்காப்டன் கலக்கிறார்கள். அரைகுறையாக எரிந்த கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போட்டுக் குளிக்கப் போனவர்கள் இறந்த செய்திகளை இந்தியாவில் எத்தனை படித்திருக்கிறோம். அதுவே பெரிய தொட்டியோடு என் நடையில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மார்ச், முதல் வாரம்

குளியலுக்கு மின்சார அடுப்பில் வெந்நீர். வாளியும் செம்பும். அம்மாவுக்குப் பரம சந்தோஷம்.

இந்த வீடுகளுக்கென்று தனி விதி 1976 ஜூன் 15-இலிருந்து இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை போட்டது. ஹட் கோட் என்று சொல்வார்கள். வீட்டின் வெளிச்சுவரில் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்றாகச் சிவப்பு உலோகத் தகடு இருக்கும். எங்களுடையதில் இரண்டும் இருந்தன. சமையலறை அலமாரிக்குள் ஒட்டியிருந்த இன்னொரு தாளில், தொழிற்சாலையில் என்னென்ன சாதனம் வைத்தார்கள் என்ற பட்டியல். அதில் எழுதியிருந்த ஹீட்டர் வேறு, அலமாரியில் நின்ற ஹீட்டர் வேறு. நடுவில் யாரோ ஒருவர் சாதாரண வீட்டுக்கான ஹீட்டரைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்.

விதியின் சாரம் எளிது. தீ எரிவதற்கான காற்றும், எரிந்து போகும் புகையும், மனிதர் மூச்சுவிடும் காற்றோடு கலக்கவே கூடாது. சமையல் அடுப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒன்று, வெளியிலிருந்து காற்றை எடுத்து வெளியே புகைவிடும் அடைப்பான ஹீட்டராக இருக்கவேண்டும். அல்லது, வீட்டுக்குள் கதவே இல்லாமல் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் அறையில் ஹீட்டர் நிற்கவேண்டும். எங்கள் அலமாரியோ நடைக்குத் திறக்கிறது. கதவில் இடுக்கு வைத்த ஜாலி வேறு. வீடு சின்னது, காற்று கசியாதது. துணி உலர்த்தி காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்தக் குறையை நிரப்ப வீடு புகைக்குழாய் வழியாகவே காற்றை உறிஞ்சியிருக்கிறது. கூடவே புகையையும்.

கடையில் சாதாரண 40 கேலன் ஹீட்டர் பாதி விலைக்கு நின்றது. கை போகத்தான் செய்தது. முந்தைய வீட்டுக்காரரும் இப்படித்தான் போயிருப்பார். மேனுஃபாக்சர்டு ஹோமுக்கு, அதாவது இப்படித் தொழிற்சாலையில் செய்த வீட்டுக்கு, ஏற்றது என்று ஹீட்டரின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட 30 கேலன் ஒன்றை ஆர்டர் செய்தேன். தரையில் உள்ள துளை வழியாக வீட்டுக்கு அடியிலிருந்து காற்று எடுக்கும், கூரையில் ரூஃப் ஜாக் என்ற புகைபோக்கி வழியாகப் புகைவிடும். இயற்கை வாயு, புரொபேன் இரண்டுக்கும் தனித்தனி ஜெட், அதாவது வாயு பாயும் சின்னத் துளைத் துண்டு, கூடவே வந்தது. எங்களுடையது புரொபேன். இயற்கை வாயுவின் துளை பெரிது. அதை மாற்றாமல் புரொபேன் விட்டால் தீ அளவுக்கு மீறி எரிந்து கரி கட்டும்.

மார்ச், மூன்றாவது வாரம்

பழையதைக் காலி செய்து நகர்த்தினோம். கீழே தரை.

தரை என்று சொல்லக்கூடாது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை அது. விரலால் அழுத்தினேன், பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. வருஷக்கணக்காகச் சொட்டிய தண்ணீர். நிரம்பிய 30 கேலன் தொட்டியில் தண்ணீர் மட்டும் 110 கிலோவுக்கு மேல். இவ்வளவு நாள் எதன்மேல் நின்றது என்றே புரியவில்லை.

டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் ஊர்ந்தேன். இந்த வீடுகளின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி மாதிரி ஓர் உறை உண்டு, அதற்குள் பஞ்சு. ஹீட்டருக்கு நேர் கீழே அந்த உறை பசுவின் மடி மாதிரி தொங்கியது. பேனாக்கத்தியால் சின்னதாகக் கீறினேன். வாளித் தண்ணீர் என் தோளில். குளிர்காலத்து மிச்சம், ஐஸ் மாதிரிச் சில்லென்று. காரணம் பிறகு தெரிந்தது: அதிக அழுத்தமோ சூடோ வந்தால் திறக்கும் பாதுகாப்பு வால்வின் குழாயை வெளியே கொண்டுபோகாமல் உறைக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். அந்த வால்வு 150 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலோ 210 டிகிரி ஃபாரன்ஹீட்டிலோ திறந்துவிடும். அது சொட்டினால் நம் கண்ணுக்குப் பட வேண்டும். இங்கே பஞ்சுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வார இறுதி முழுக்கத் தச்சு வேலை. நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்து, குறுக்குச் சட்டங்களுக்குப் பக்கத்தில் புதுச் சட்டம் கொடுத்து, முக்கால் இஞ்ச் பிளைவுட் போட்டேன். காற்றுத் துளையை ஹீட்டர் கையேட்டில் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் வெட்டினேன். கசிவுத் தட்டு வைத்து அதன் வடிகுழாயை வெளியே எடுத்தேன். பாதுகாப்பு வால்வின் குழாயும் முழுக்க இறக்கமாக வெளியே போகிறது. நடுவில் வால்வு இல்லை, நுனியில் மரை இல்லை. மரை இருந்தால் என்றைக்காவது யாராவது மூடி போட்டு அடைத்துவிடுவார்கள்.

சுவருக்குள் பார்த்தால் சாம்பல் நிறக் குழாய். பாலிபியூட்டிலின். 1970-களின் கடைசியிலிருந்து 1995 வாக்கில் வரை இங்கே போட்டார்கள். உடைந்து வழக்கெல்லாம் நடந்து நின்றுபோனது. முழு வீட்டையும் மாற்றப் பணமில்லை. அலமாரி வரை பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய், ஹீட்டரை ஒட்டி 18 அங்குலத்துக்கு மேல் உலோகக் குழாய். பிளாஸ்டிக்கை நேராக ஹீட்டரில் மாட்டக்கூடாது.

மார்ச் கடைசி

கேஸ் வேலையை நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன். உரிமம் உள்ள புரொபேன்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும், தொப்பியைக் கழற்றவே இல்லை. டெக்சாஸில் இவர்களுக்கு உரிமம் கொடுப்பது ரயில்ரோடு கமிஷன்! 1891-இல் ரயிலுக்காகத் தொடங்கியது. இப்போது ரயிலைத் தவிர எண்ணெய், வாயு எல்லாவற்றையும் பார்க்கிறது.

அவர் செய்ததை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன். புது வளைகுழாய், பழையதை மறுபடி மாட்டவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அடைப்பு வால்வு. குழாயில் வரும் தூசி விழுந்து தங்க, கீழ்நோக்கி ஒரு குட்டை வால் துண்டு. பிறகு வாயுவின் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் மாட்டினார். புரொபேனுக்கு 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் வரவேண்டும், வந்தது. கடைசியில் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். ஓர் இடத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு குமிழி எழுந்து, நின்று, வெடித்தது. மறுபடி இறுக்கி, மறுபடி சோப்பு.

"புரொபேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, உன் வீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்" என்றார். கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டி மாட்டச் சொன்னதும் அதனால்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைகளுக்கு வெளியே இரண்டு புதிதாக மாட்டினேன்.

முதலில் தண்ணீர் நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் துப்பி முடித்துச் சீராக வந்த பிறகே பற்றவைத்தார். பத்து நிமிஷத்தில் அடியில் சொட்டுச் சத்தம். எனக்கு உயிரே போனது. அவர் சிரித்தார். குளிர்ந்த தொட்டியின் வெளியே வியர்த்துத் தீயில் விழுகிறதாம். தண்ணீர் சூடானதும் நின்றது.

ஊதுபத்தியை மறுபடி கொண்டுவந்தேன். பிடிக்கத் தொப்பியே இல்லை, எல்லாம் அடைப்பு. அம்மா அதைச் சாமிக்கே ஏற்றிவிட்டு, கதவு இடுக்கருகே கொஞ்ச நேரம் நின்றார். புகை நேராக எழுந்தது.

சூடு 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 49 செல்சியஸ். டயலில் எண் கிடையாது, குழாயடியில் தெர்மாமீட்டர் பிடித்துத்தான் வைத்தேன். 140-இல் தோல் வெந்துபோகச் சில விநாடிகள் போதும். வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருக்கிறது.

ஜனவரி

நானே வரவழைத்த ஒரு கோளாறு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது குழாய்கள் வெடித்த கதையைப் பக்கத்து நிலத்துக்காரர் சொல்லிச் சொல்லி எனக்குப் பயம். உறைபனி வருகிறது என்றதும், வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கும் ஸ்கர்ட்டிங்கில் இருந்த காற்றுத் துவாரங்களையெல்லாம் நுரைப்பலகை வெட்டி அடைத்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக. இரவு இரண்டு மணிக்கு ஹீட்டரின் பைலட், அதாவது எப்போதும் எரியும் சின்னத் தீ, அணைந்தது. ஏற்றினேன், மறுபடி அணைந்தது.

"ஏங்க, அதுக்குக் காத்து கீழேர்ந்துதானே வருது?" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்து.

டார்ச்சோடு வெளியே போய் நுரைப்பலகையைப் பிடுங்கினேன். அதன்பின் அணையவில்லை. குழாய்களுக்கு இப்போது தனியாக ஹீட் டேப் என்ற மின்சாரத்தில் சூடாகும் பட்டை சுற்றியிருக்கிறேன்.

ஏப்ரல், ஒரு வருஷம் முடிந்து

சில வாரங்களாக ஹீட்டர் எரியும்போது புளியங்கொட்டை வறுக்கிற மாதிரிச் சத்தம். இந்தப் பக்கம் சுண்ணாம்புத் தண்ணீர். தொட்டியின் அடியில் படிந்த சுண்ணாம்புக்குக் கீழே தண்ணீர் மாட்டிக்கொண்டு கொதித்து வெடிக்கிறது.

முந்தின இரவே குமிழைப் பைலட்டில் வைத்து ஆறவிட்டேன். காலையில் குளிர்நீரை அடைத்து, வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து, ஹோஸ் மாட்டி வடித்தேன். அரை வாளியில் நின்றுவிட்டது. வடிவால்வு பிளாஸ்டிக், வாயில் சில்லு அடைப்பு. குளிர்நீரைக் கொஞ்சம் திறந்து மூடியதும், முட்டை ஓட்டை நொறுக்கியது போல வெள்ளைச் சில்லுகள் கொட்டின. தெளிவாக வரும்வரை நாலு தடவை இப்படி. சேர்ந்தது ஒரு தேங்காய் மூடி நிறைய.

அடுத்து ஆனோடு தண்டு. தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து கொடுக்கும் மக்னீசியக் கம்பி. 1 1/16 அங்குல சாக்கெட், நீளக் கைப்பிடி, என் முழு எடை. 'டக்' என்று விட்டது. முக்கால்வாசி தேய்ந்து நடுக்கம்பி தெரிந்தது, ஒரே வருஷத்தில்! வெளியே இழுக்கப் பார்த்தால் அலமாரியின் கூரை தடுக்கிறது. வளைத்துத்தான் எடுத்தேன். புதியது கண்ணி கண்ணியாக மடங்கும் வகை, கொத்துச் சாசேஜ் போல உள்ளே இறங்கியது.

பாதுகாப்பு வால்வின் நெம்புகோலை ஒரு தடவை தூக்கிவிட்டேன். வெளிக்குழாயில் சர்ரென்று கொட்டி நின்றது. சில சமயம் முழுசாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்குமாம். அதற்காக மாற்று வால்வு ஒன்று வாங்கி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

ஹீட்டரின் பக்கவாட்டில் மார்க்கரால் தேதி எழுதியிருக்கிறேன். கழுவியது, கம்பி மாற்றியது, அலாரங்கள் காலாவதியாகும் வருஷம். அம்மா கரூருக்குத் திரும்பிவிட்டார். பலகையும் சாமி படமும் அதே இடத்தில்தான். பத்தி இப்போது மனைவி ஏற்றுகிறாள். துணி உலர்த்தி ஓடும்போது நான் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.