சீனாய் மலையில் ஒரு நடுக்கம்

சிறுவயதில் எனக்குக் கடவுள் பயம் என்றால் பிரம்புப் பயம்தான். தப்புச் செய்தால் "கர்த்தர் பார்த்துக்கிட்டிருக்கார்" என்பார்கள். மேலே யாரோ கையோங்கி நிற்பது போலிருக்கும். ஐம்பது வயது வரை அந்தப் பயத்தோடுதான் ஜெபித்தேன். பரிசுத்த பூமிப் பயணத்தில் எகிப்தும் உண்டு, சீனாய் மலையில் ஏறலாம் என்றதும் பெயர் கொடுத்துவிட்டேன்.

மோசே கட்டளைகளைப் பெற்ற மலை என்று மரபு சொல்லும் ஜெபல் மூசா, 2,285 மீட்டர் உயரம். நடுநிசி தாண்டிப் புறப்பட்டோம். முக்கால்வாசித் தூரம் ஒட்டகப் பாதை. அதன்பின் உச்சி வரை சுமார் 750 கற்படிகள். டார்ச் வெளிச்சம் காலடிக்கு மட்டும். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் அப்பிக் கிடந்தன. குளிரில் பல் கிட்டியது. குழுவில் வந்த பெரியம்மா ஒருவர் பத்துப் படிக்கு ஒருமுறை என் தோளைப் பிடித்து நின்றார். "இங்கேயே உட்காருங்களேன் பெரியம்மா" என்றேன். "கால் நடுங்குதுதான் தம்பி. அதுக்காக இவ்வளவு தூரம் வந்துட்டு நிக்க முடியுமா?" என்று அடுத்த படியில் கால் வைத்தார்.

உச்சியில் சின்னக் கற்கோயில் ஒன்று, பக்கத்திலேயே ஒரு மசூதி. கிழக்கு வெளுத்து, கருங்கல் மலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தபோது யாரோ பைபிளில் யாத்திராகமம் 19-ஐ வாசித்தார்கள். பாளயத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் நடுங்கினார்கள், மலை அதிர்ந்தது. தமிழில் இரண்டு சொற்கள், எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. மனிதன் நடுங்கியது போலவே மலையும் நடுங்கியிருக்கிறது! "என் வசனத்துக்கு நடுங்குகிறவனையே நோக்கிப்பார்ப்பேன்" என்று ஏசாயா 66-ல் கர்த்தர் சொல்வதும் அதே வேரில் பிறந்த சொல்லால்தான்.

அங்கே உட்கார்ந்து 20-ஆம் அதிகாரத்தை நானே புரட்டினேன். "பயப்படாதிருங்கள்" என்கிறார் மோசே. அதே வசனத்தில், பாவம் செய்யாதபடிக்கு தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். இது எனக்கு எப்போதும் முரணாகவே பட்டிருக்கிறது. அடுத்த வசனத்தைச் சேர்த்து வாசித்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது: ஜனங்கள் தூரத்திலே நின்றார்கள், மோசே தேவன் இருந்த காரிருளுக்குச் சமீபமாய்ப் போனார். மோசேக்கு நடுக்கம் இல்லாமலா? மிகவும் பயந்து நடுங்கினார் என்று எபிரெயர் 12 சொல்கிறது. இரு தரப்புக்கும் நடுக்கம் உண்டு. அது ஜனங்களைப் பின்வாங்க வைத்தது. மோசே அதோடே கிட்டப் போனார். நான் இத்தனை வருஷமும் தூரத்திலேயே நின்றிருக்கிறேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து, அடிவாரத்தில் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய புனித கத்தரீனாள் மடத்துக்குள் போனோம். ஆலயத்தின் பீடத்துக்கு மேலே சீஷர்கள் முன் இயேசு ஒளிமயமாய் மறுரூபமான காட்சி வண்ணக்கல் பதிப்பாக இருக்கிறது. முன்னால் உள்ள திரைத்தடுப்பு பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. முன்பே படத்தில் பார்த்திருந்ததால் மீதியை மனதால் நிரப்பிக்கொண்டேன். இருபுறமும் மோசேயும் எலியாவும், இதே மலையோடு சேர்த்துப் பேசப்படும் இருவர். கீழே பேதுரு தரையோடு விழுந்து கிடக்கிறார்.

பேருந்தில் ஏறியதும் அந்தக் காட்சி வரும் மத்தேயு 17-ஐ எடுத்தேன். சீஷர்கள் முகங்குப்புற விழுந்து மிகவும் பயந்தார்கள். "இயேசு வந்து, அவர்களைத் தொட்டு: எழுந்திருங்கள், பயப்படாதேயுங்கள் என்றார்."

'தொட்டு' என்ற சொல்லைத் தாண்டி வெகுநேரம் வாசிக்க முடியவில்லை.